லிங்கனின் குவார்ட்டர்மாஸ்டர்: மாண்ட்காமரி மெய்க்ஸ்

கேள்வி இது: போர்க்காலத்தில் ராணுவத்துக்கு சப்ளை பார்க்கும் அதிகாரியின் வேலை எப்படி இருக்கும், அப்படிப்பட்டவர் எங்கிருந்து வருகிறார், போர் முடிந்தபின் என்ன ஆகிறார்?

பொதுப்படையாகச் சொன்னால் சப்பென்று போய்விடும். அதனால் ஒரே ஒரு ஆளை எடுத்துக்கொள்கிறேன். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் அதிபர் லிங்கனின் வடக்குத் தரப்பில் குவார்ட்டர்மாஸ்டர் ஜெனரலாக, அதாவது ராணுவத்தின் தலைமை சப்ளை அதிகாரியாக இருந்த மாண்ட்காமரி மெய்க்ஸ். கிராண்ட், ஷெர்மன், லீ என்ற தளபதிகளின் பெயர்களைக் கேட்டவர்களில் பாதிப் பேருக்கு இவரைத் தெரியாது. ஆனால் போரின்போது வெளியுறவு அமைச்சராக இருந்த சூவர்ட், இவர் இல்லாவிட்டால் வடக்கு தோற்றிருக்கும், அல்லது தோல்வியின் விளிம்புக்குப் போயிருக்கும் என்று பின்னால் எழுதினார். நண்பருக்காகச் சொன்ன வார்த்தைதான். ஆனாலும் பெரிய மிகை என்று எனக்குத் தோன்றவில்லை.

முதலில் இந்தப் பதவிக்கு என்ன பொறுப்பு என்று தெரிந்துகொள்வது நல்லது. சப்ளை என்றால் எல்லாமே ஒரே துறை என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ராணுவத்தில் அப்படி இல்லை. உணவு வாங்குவது கமிசரி துறை. துப்பாக்கி, பீரங்கி, வெடிமருந்து ஆர்டனன்ஸ் துறை. மற்றதெல்லாம் குவார்ட்டர்மாஸ்டர் தலையில்: சீருடை, காலணி, போர்வை, கூடாரம், குதிரை, கோவேறு கழுதை, வண்டி, தீவனம், விறகு, கப்பல் வாடகை, ரயில் கட்டணம், குடியிருப்பு, மருத்துவமனைக் கட்டடம், கடைசியில் கல்லறையும். அடுத்தவர் வாங்கிய உணவையும் வெடிமருந்தையும் களத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் இவர் வேலைதான். ரொட்டி வரவில்லை என்றால் சிப்பாய் திட்டுவது இவரைத்தான்; அந்த ரொட்டியை இவர் வாங்கியிருக்கவே மாட்டார்.

மெய்க்ஸ் பிறந்தது 1816-இல், தெற்கில், ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டாவில். வளர்ந்தது வடக்கே பிலடெல்ஃபியாவில். 1836-இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் ஐந்தாவது ரேங்க்கில் தேறினார். முன்வரிசையில் தேறுபவர்களைப் பொறியாளர் பிரிவு எடுத்துக்கொள்ளும் காலம் அது. 1837-இல் செயின்ட் லூயிஸ் பக்கம் மிசிசிப்பி ஆற்றை அளந்து சீர்படுத்தும் வேலைக்குப் போனார். அங்கே அவருடைய மேலதிகாரி ராபர்ட் இ. லீ. அதே லீதான், பின்னாளில் தெற்குப் படையின் தளபதி. இந்த அறிமுகம் கடைசியில் கசப்பாக முடிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அப்புறம் பல ஆண்டுகள் கோட்டை கட்டும் வேலை. ஒரு போரிலும் பெயர் வாங்கவில்லை. 1850-களில்தான் திருப்புமுனை. வாஷிங்டன் நகருக்கு போட்டோமாக் ஆற்றின் கிரேட் ஃபால்ஸிலிருந்து குடிநீர் கொண்டுவரும் கால்வாய்த் திட்டம் அவர் கைக்கு வந்தது. அதில் ஒரு பகுதியாகக் கட்டிய கேபின் ஜான் பாலத்தின் ஒற்றைக் கல் வளைவு 220 அடி நீளம். 1903 வரை அவ்வளவு நீளமான கல் வளைவு உலகத்தில் வேறு இல்லை. அதே சமயத்தில் நாடாளுமன்றக் கட்டடத்தின் விரிவாக்கமும் புதிய இரும்புக் கூரைக் கோபுரமும் இவர் மேற்பார்வையில் நடந்தன. கட்டடக் கலைஞர் தாமஸ் வால்டருக்கும் இவருக்கும் ஓயாத சண்டை. யார் பெயர் வரைபடத்தில் வரவேண்டும் என்பதுகூடத் தகராறு. மெய்க்ஸுக்குப் பெயர் ஆசை கொஞ்சம் அதிகம். குழாய்கள், இரும்புப் பாகங்கள் என்று கிடைத்த இடத்திலெல்லாம் தன் பெயரைப் பொறித்துவிடுவார்.

இந்த ஆண்டுகளில் அவர் கற்றுக்கொண்டதுதான் போரில் உதவியது என்பது என் கருத்து. ராணுவத்தில் எத்தனையோ பேருக்குப் படை நடத்தத் தெரியும். கோடிக்கணக்கில் அரசுப் பணத்தை வைத்துக்கொண்டு, கான்ட்ராக்டர் எந்த இடத்தில் கலப்படம் செய்வான், எந்த டெண்டரில் விலை உண்மையானது, எந்த அரசியல்வாதி யாருக்காகப் பேசுகிறார் என்று பத்து வருடம் பார்த்தவர் அதிகம் பேர் இல்லை. போர் அமைச்சராக இருந்த ஜான் ஃபிளாய்டு தன் ஆட்களுக்கு ஒப்பந்தம் கொடுக்கப் பார்த்தபோது மெய்க்ஸ் மறுத்தார். விளைவு, 1859-இல் நாடாளுமன்றக் கட்டட வேலை பறிபோனது. 1860-இல் ஃபுளோரிடாவுக்கு அப்பால் கடல் நடுவே டிரை டார்டுகாஸ் தீவில் இருந்த ஜெஃபர்சன் கோட்டைக்கு மாற்றம். தண்டனை மாற்றல் என்றால் இதற்கு மேல் தூரம் கிடையாது. அந்த ஆண்டு முடிவில் ஃபிளாய்டு பதவி விலகி, பிறகு தெற்குப் படையில் ஜெனரலானார். மெய்க்ஸ் 1861 பிப்ரவரியில் வாஷிங்டன் திரும்பினார்.

லிங்கன் பதவிக்கு வந்ததும், ஃபுளோரிடாவின் பென்சகோலா துறைமுகத்தில் இருந்த பிக்கன்ஸ் கோட்டையைக் காப்பாற்ற ரகசியமாக ஒரு கடற்பயணத்தை ஏற்பாடு செய்யும் வேலை இவருக்கு வந்தது. கடற்படை அமைச்சருக்கே தெரியாமல் ஒரு போர்க்கப்பலை இதற்குத் திருப்பிவிட்டதில் பெரிய குழப்பம் எழுந்தது. ஆனால் கோட்டை தங்கியது; போர் முடியும்வரை வடக்கின் கையிலேயே இருந்தது. லிங்கனுக்கு ஆளைப் பிடித்துப்போனது. அதுவரை குவார்ட்டர்மாஸ்டர் ஜெனரலாக இருந்த ஜோசப் ஜான்ஸ்டன் ராஜினாமா செய்து தெற்குப் பக்கம் போயிருந்தார். ஏப்ரலில் வெறும் கேப்டனாக இருந்த மெய்க்ஸ், மே 15-இல் பிரிகேடியர் ஜெனரல் அந்தஸ்தோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். வயது 45.

உட்கார்ந்த நேரம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். போருக்கு முன் நிரந்தர ராணுவம் சுமார் 16,000 பேர். லிங்கன் முதலில் கூப்பிட்டதே 75,000 பேரை. அந்த ஆண்டு முடிவதற்குள் ஐந்து லட்சம் தாண்டிவிட்டது. ராணுவத்துக்குச் சீருடை தைத்துக்கொண்டிருந்தது பிலடெல்ஃபியாவில் இருந்த ஸ்கூல்கில் கிடங்கு ஒன்றுதான். மாநிலங்கள் ஆளுக்கொரு நிறத்தில் உடுத்தி அனுப்பின. வடக்கில் சில படைப்பிரிவுகள் தெற்குப் படையைப் போலவே சாம்பல் நிறத்தில் வந்ததால், ஜூலையில் புல் ரன் போரில் யார் எதிரி என்றே தெரியாமல் தடுமாறினார்கள். சந்தையில் கிடைத்த துணியோ, கந்தலை அரைத்து அழுத்திச் செய்த மட்டமான சரக்கு. மழையில் நனைந்தால் பிரிந்துபோகும்.

மெய்க்ஸ் என்ன செய்தார்? ஐரோப்பாவிலிருந்து துணி இறக்குமதி செய்ய ஆள் அனுப்பினார். உள்ளூர் ஆலை முதலாளிகள் கொதித்தார்கள். குளிர்காலத்தில் சிப்பாய் நடுங்கும்போது உங்கள் ஆலை விரிவாகும்வரை காத்திருக்க முடியாது என்பது அவர் நிலை. கிடங்குகளை அதிகமாக்கினார், குறிப்பிட்ட சில நிலையான அளவுகளில் உடையும் காலணியும் வரவழைத்தார், ஒவ்வொரு கிடங்கிலும் ஆய்வாளர் பார்த்து முத்திரை குத்திய பிறகே சரக்கை ஏற்க வைத்தார். 1862 ஜூலையில் நாடாளுமன்றமும் ஒரு சட்டம் போட்டது: சப்ளை செய்பவர் தன் பெயரைச் சரக்கின் மேல் குறிக்க வேண்டும், மோசடி செய்தால் ராணுவ நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். குழாயில் தன் பெயரைப் பொறித்தவருக்கு இந்த விதி பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்த உடைகளைத் தைத்த பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. கிடங்கிலிருந்து நேரடியாகத் துணி வாங்கித் தைத்தவர்களுக்கு ஓரளவு கூலி கிடைத்தது. தனியார் கான்ட்ராக்டரிடம் தைத்தவர்களுக்கு அதைவிட மிகக் குறைவு. பலர் போரில் கணவனையோ மகனையோ இழந்தவர்கள். லிங்கன்வரை மனு போனது. டெண்டரில் யார் குறைந்த விலை கேட்கிறாரோ அவருக்கே வேலை என்ற நேர்மையான விதி, அந்தக் குறைந்த விலையைத் தையல்காரியின் கூலியிலிருந்துதான் எடுத்தது. மெய்க்ஸின் முறையில் இருந்த பெரிய ஓட்டை இது. அவருடைய புகழ்பாடிகள் இதைச் சீக்கிரமாகத் தாண்டிப் போய்விடுவார்கள்.

ஊழல் எப்படி இருந்தது என்று பார்க்க, 1861-இன் செயின்ட் லூயிஸ் போதும். அங்கே வடக்குத் தளபதி ஜெனரல் ஃபிரிமான்ட்டின் கீழ் குவார்ட்டர்மாஸ்டராக இருந்தவர் ஜஸ்டஸ் மெக்கின்ஸ்ட்ரி. டெண்டர் இல்லாமல், இடைத்தரகர்கள் வழியாக, வேண்டியவர்களிடம் குதிரையும் வண்டியும் அதிக விலைக்கு வாங்கினார். செப்டம்பரில் மெய்க்ஸ் நேரில் போய்ப் பார்த்தார். மெக்கின்ஸ்ட்ரி கைதாகி, ராணுவ நீதிமன்றத்தில் நின்று, 1863-இல் பதவி நீக்கப்பட்டார்.

அதே நகரத்தில், அதே ஆண்டில், மெய்க்ஸ் போட்ட ஒரு ஒப்பந்தம் வேறு மாதிரி. மேற்கின் ஆறுகளில் போரிட இரும்புக்கவசப் படகுகள் வேண்டும். ஜேம்ஸ் ஈட்ஸ் என்பவர் ஏழு படகுகளை, ஒன்றுக்கு 89,600 டாலர் வீதம், 65 நாளில் கட்டித் தருவதாக ஆகஸ்டில் கையெழுத்திட்டார். அவ்வளவு குறுகிய கெடுவில் முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும், முடியவும் இல்லை. அரசும் பணத்தைத் தாமதித்தது. ஆனால் 1862 ஜனவரியில் படகுகள் தயார், பிப்ரவரியில் தெற்கின் கையிலிருந்த ஹென்றி கோட்டை விழுந்தது. துணிக்கும் தீவனத்துக்கும் இருக்கிற ஒரு துறை போர்க்கப்பலுக்குக் காசு கொடுத்ததை நினைத்துப் பாருங்கள். எங்கே விலையை இறுக்கிப் பிடிக்க வேண்டும், எங்கே நேரத்துக்காகப் பணத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது மெய்க்ஸுக்குத் தெரிந்திருந்தது. நேர்மையான அதிகாரிகள் பலருக்கு இரண்டாவது பாதி வராது.

சரி, இந்த வேலையின் உண்மையான தலைவலிக்கு வருவோம்: தீவனம். ராணுவக் கணக்குப்படி ஒரு குதிரைக்கு ஒரு நாளைக்கு 14 பவுண்டு வைக்கோல், 12 பவுண்டு தானியம். கோவேறு கழுதைக்கு 14 வைக்கோல், 9 தானியம். சிப்பாய்க்கு எல்லாம் சேர்த்து மூன்று பவுண்டு உணவு. ஷெர்மன் அட்லாண்டா நோக்கிப் போனபோது அவரிடம் 1,00,000 பேரும் 35,000 விலங்குகளும் இருந்தன. முழு அளவு கொடுப்பதாக வைத்துக்கொண்டால் ஆட்களுக்கு ஒரு நாளைக்கு 3,00,000 பவுண்டு, விலங்குகளுக்கு 8,00,000 பவுண்டுக்கு மேல். படை நகர்வது என்றால் பெரும்பாலும் வைக்கோல் நகர்வதுதான்.

வண்டிக் கணக்கு இன்னும் மோசம். ஆறு கோவேறு கழுதைகள் இழுக்கும் ராணுவ வண்டி நல்ல சாலையில் சுமார் 3,000 பவுண்டு ஏற்றும். அந்த ஆறும் ஒரு நாளைக்கு 138 பவுண்டு தின்னும். வழியில் புல் கிடைக்காத இடத்தில், போய்த் திரும்ப இருபது நாள் ஆகும் தூரம் என்றால் 2,760 பவுண்டு அவற்றுக்கே போய்விடும். களத்தில் இறக்க மிஞ்சுவது 240 பவுண்டு. அதனால்தான் ஆற்றையும் ரயிலையும் விட்டு இரண்டு மூன்று நாள் நடைக்கு மேல் எந்தப் பெரும்படையும் விலகிப் போய் வெகுகாலம் நிற்க முடியவில்லை. தளபதிகள் ஏன் மெதுவாக நகர்ந்தார்கள் என்ற கேள்விக்குப் பாதி பதில் இதுதான்.

ஆனால் தளபதிகள் கேட்டது எப்போதும் இன்னும் அதிக வண்டி, இன்னும் அதிக குதிரை. நெப்போலியன் 1,000 பேருக்கு 12 வண்டி போதும் என்றார். வடக்குப் படைகள் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வைத்திருந்தன. மெய்க்ஸ் மூட்டையைக் குறைக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். பெரிய கூடாரங்களுக்குப் பதிலாக, பிரெஞ்சுப் படையில் இருந்ததுபோல் இரண்டு சிப்பாய்கள் ஆளுக்குப் பாதி சுமந்து ராத்திரி இணைத்துக்கொள்ளும் சிறு கூடாரத்தைக் கொண்டுவந்தார். நாய்க் கூடாரம் என்று சிப்பாய்கள் கேலி செய்தார்கள். அதுதான் நிலைத்தது. டென்னசியில் இருந்த ஜெனரல் ரோஸ்கிரான்ஸ் குதிரை கேட்டுக் கேட்டுத் தந்தி அடித்தபோது, 1863-இல் மெய்க்ஸ் எழுதிய நீண்ட பதிலின் சாரம் இது: இருக்கும் குதிரைகளை ஒழுங்காகத் தேய்த்துக் கவனியுங்கள், தேறிய பிறகு எதிரியின் பாதைகள் மேல் அனுப்புங்கள், அங்கே கிடைப்பதைத் தின்னட்டும்.

அதே ரோஸ்கிரான்ஸ் செப்டம்பரில் சிக்கமாகாவில் தோற்று சட்டனூகா நகருக்குள் முடங்கினார். ரயில்பாதையும் ஆற்றுவழியும் எதிரியின் பீரங்கிக்குக் கீழே. மிஞ்சியது பிரிட்ஜ்போர்ட்டிலிருந்து மலை வழியாக 60 மைல் மண்சாலை. மழையில் அது சேறானது. நான் மேலே போட்ட கணக்கு அங்கே அப்படியே நடந்தது: கழுதைகள் தங்கள் தீவனத்தையே இழுக்க முடியாமல் ஆயிரக்கணக்கில் செத்தன. எதிரிக் குதிரைப்படை ஒரே தாக்குதலில் நூற்றுக்கணக்கான வண்டிகளை எரித்தது. மெய்க்ஸ் இந்த நேரத்தில் வாஷிங்டன் மேசையை விட்டு சட்டனூகாவிலேயே இருந்தார். கிழக்கிலிருந்து சுமார் 20,000 பேரை ரயிலில் 1,200 மைல் தூரம் இரண்டு வாரத்துக்குள் கொண்டுவந்து இறக்கினார்கள். பிரிட்ஜ்போர்ட்டில் குவார்ட்டர்மாஸ்டர் ஆட்கள் கையில் கிடைத்த மரத்தையும் இயந்திரத்தையும் வைத்து ஒரு சிறு நீராவிப் படகைக் கட்டினார்கள். அக்டோபர் 27-இல் பிரவுன்ஸ் ஃபெரி என்ற ஆற்றுத்துறையைப் பிடித்து ஆற்றுவழியைத் திறந்ததும், அந்தப் படகு தன் முதல் ஓட்டத்திலேயே 40,000 பேர் ரேஷனையும் 39,000 பவுண்டு தீவனத்தையும் இழுத்து வந்தது. அப்போது நகரத்துக் கிடங்கில் மிஞ்சியிருந்தது நாலு பெட்டி உலர் ரொட்டி. நவம்பர் 25-இல் எதிரி பிடித்திருந்த மிஷனரி ரிட்ஜ் மேட்டில் வடக்குப் படை ஏறியதை மெய்க்ஸ் கிராண்ட்டின் பக்கத்தில் நின்று பார்த்தார்.

அடுத்த ஆண்டு ஷெர்மனின் அட்லாண்டாப் படையெடுப்பு முழுவதும், லூயிவில்லிலிருந்து 473 மைல் நீண்ட ஒற்றை ரயில்பாதையில் தொங்கியது. அதே சரக்கை வண்டியில் கொண்டுவர ஆறு கழுதை பூட்டிய 36,800 வண்டிகள் வேண்டியிருக்கும் என்று ஷெர்மன் பின்னாளில் கணக்குப் போட்டார். ரயில்பாதையை ஓட்டியது டேனியல் மெக்கல்லம் என்ற ரயில்வே நிபுணர். துறை தெரிந்தவனைப் பிடித்துப் போட்டுவிட்டுக் குறுக்கே நிற்காமல் இருந்ததும் மெய்க்ஸின் திறமையில் சேர்த்திதான். ஷெர்மன் அட்லாண்டாவை விட்டுக் கடல் நோக்கிக் கிளம்பியபோது எந்தக் கரையில் வெளிவருவார் என்று யாருக்கும் உறுதியில்லை. மெய்க்ஸ் அட்லாண்டிக் பக்கம் போர்ட் ராயலுக்கும், மெக்சிகோ வளைகுடாப் பக்கம் பென்சகோலாவுக்கும் சரக்குக் கப்பல்களை அனுப்பி வைத்தார். டிசம்பர் 13-இல் அட்லாண்டிக் கரையில் சவானா அருகே மெக்அலிஸ்டர் கோட்டை ஷெர்மனிடம் விழுந்தது. கிழிந்த காலணியோடு வந்த படைக்குப் புது உடுப்பு தயாராக இருந்தது.

இவ்வளவு நடந்ததில் அவர் துறை வழியாகப் போன பணம் சுமார் 150 கோடி டாலர். கஜானாவில் காசில்லாத மாதங்களில் கான்ட்ராக்டர்களுக்குக் கடன் பத்திரம் கொடுத்துச் சமாளித்தார்கள். தாமதமாகும் என்று தெரிந்ததால் அவர்களும் விலையை ஏற்றினார்கள். 1864 ஜூலையில் துறையை ஒன்பது பிரிவுகளாகப் பிரித்தது புதிய சட்டம். மெய்க்ஸ் மேல் மோசடிக் குற்றச்சாட்டு எதுவும் நிற்கவில்லை. அதே மாதம் தெற்குப் படை வாஷிங்டன் எல்லைவரை வந்தபோது, தன் அலுவலக எழுத்தர்கள் சுமார் 1,500 பேரைத் துப்பாக்கியோடு ஸ்டீவன்ஸ் கோட்டைப் பக்கம் அகழியில் நிறுத்தினார். போர்க்காலத்தில் அவர் படை நடத்தியது அந்த ஓரிரு நாள்தான்.

கல்லறை விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1864-இல் வாஷிங்டன் இடுகாடுகள் நிரம்பிவிட்டன. புது இடம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு மெய்க்ஸுக்கு. அவர் தேர்ந்தெடுத்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆர்லிங்டனில் இருந்த லீ குடும்பத்தின் எஸ்டேட். வரி பாக்கிக்காக அரசு அதை ஏற்கெனவே ஏலத்தில் எடுத்திருந்தது. லீ தம்பதியர் திரும்பி வந்து குடியிருக்கவே முடியாதபடி, வீட்டுக்குப் பக்கத்தில், ரோஜாத் தோட்டத்தின் ஓரத்திலேயே அதிகாரிகளைப் புதைக்க வைத்தார். லீயைத் துரோகி என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த அக்டோபரில் அவருடைய மகன், ராணுவப் பொறியாளர் ஜான் ராட்ஜர்ஸ் மெய்க்ஸ், வர்ஜீனியாவில் சுட்டுக் கொல்லப்பட்டபோது கசப்பு இன்னும் இறுகியது. ஆர்லிங்டன் தேசியக் கல்லறையை நாட்டின் நன்றிக்கடன் என்று மட்டும் இன்று பேசுகிறார்கள். இட நெருக்கடியும் ஒரு மனிதரின் கோபமும் சேர்ந்து உருவாக்கிய இடம் அது.

போருக்குப் பின் அவர் அதே நாற்காலியில் 1882 வரை இருந்தார், ஆக 21 ஆண்டுகள். விருப்பத்தோடு ஓய்வு பெறவில்லை. அதிபர் ஆர்தர் ஓய்வு கொடுத்தார். அடுத்து வந்த டேனியல் ரக்கர் பத்தே நாள் பதவியில் இருந்தார். பதவி உயர்வோடு ஓய்வு பெறட்டும் என்று செய்த ஏற்பாடு. மெய்க்ஸ் மறுபடி பொறியாளராகி, 1887-இல் வாஷிங்டனில் போர் ஓய்வூதிய அலுவலகக் கட்டடத்தை முடித்தார். உள்ளே 75 அடி உயரத் தூண்கள். வெளியே சுற்றிலும் 1,200 அடிக்கு, அணிவகுத்துப் போகும் வடக்குப் படையின் சுடுமண் சிற்பம். அதில் தன் துறையின் வண்டியை ஓட்டுபவன் போரால் விடுதலையான கறுப்பின அடிமையாகத்தான் இருக்க வேண்டும் என்று சிற்பியிடம் வற்புறுத்தினார். போரில் வண்டியோட்டிகளாகவும் சுமை தூக்குபவர்களாகவும் அந்த மக்கள் ஆயிரக்கணக்கில் உழைத்தது அவருக்குத் தெரியும். 1892 ஜனவரியில் இறந்தார், ஆர்லிங்டனிலேயே புதைத்தார்கள்.

இவர் தலைமையகத்து ஆள் என்பதை மறந்துவிடக் கூடாது. களத்தில் படையோடு கூடவே போகும் சப்ளை அதிகாரியின் வாழ்க்கை வேறு. அதைப் பார்க்க விரும்பினால் ரூஃபஸ் இங்கல்ஸைப் படியுங்கள். வெஸ்ட் பாயின்ட்டில் கிராண்ட்டின் வகுப்புத் தோழர். தளபதிகள் ஒருவர் பின் ஒருவராக மாறிக்கொண்டிருந்த போட்டோமாக் படையில் மாறாமல் இருந்த தலைமை குவார்ட்டர்மாஸ்டர். 1864-65-இல் வர்ஜீனியாவின் சிட்டி பாயின்ட்டில் அவர் நடத்திய தளத்தில் கப்பல் துறையும் ரயிலும் மருத்துவமனைகளும் இருந்தன. ஒரு நாளைக்கு ஒரு லட்சம் பேருக்கு ரொட்டி சுடும் அடுமனையும் இருந்தது. ரக்கருக்குப் பிறகு குவார்ட்டர்மாஸ்டர் ஜெனரல் பதவிக்கு வந்தவரும் அவர்தான்.